சத்தக்காவின் ஓலம்

வெளிநாட்டுப் படங்களை நம் மொழியில் பேச வைக்கும் ஸ்டூடியோ ஒன்றில் அலறுவதற்கென்றே ஒருத்தி வேலை பார்த்தாள். சிரிக்காதீர்கள், உண்மையாகவே அப்படி ஒரு வேலை இருக்கிறது. கதாநாயகிக்குக் குரல் கொடுக்கும் அம்மணிகள் வருவார்கள், கொஞ்சுவார்கள், கோபித்துக்கொள்வார்கள், பிறகு தொண்டையைச் சால்வையில் சுற்றிப் பத்திரமாக வீட்டுக்கு எடுத்துப் போய்விடுவார்கள். அதே கதாநாயகி மொட்டை மாடியிலிருந்து விழும்போது யார் கத்துவது? தொண்டை கட்டிக்கொண்டால் அடுத்த படம் கைநழுவிப் போய்விடுமே. அங்கேதான் நம் ஆள் உள்ளே வருவாள். விழுகிறவள், தீயில் மாட்டியவள், பேயைப் பார்த்தவள், கடைசியில் அந்தப் பேய், எல்லாமே அவள்தான். சவுண்ட் என்ஜினியர் அவளுக்குச் சத்தக்கா என்று பெயர் வைத்தான். சொந்தப் பெயர் அடையாள அட்டையில் தூங்கிக்கொண்டிருந்தது.

ஒலிப்பதிவு அறை ஒரு பெரிய அலமாரி அளவுதான் இருக்கும். சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு, நடுவில் மைக், ஓரத்தில் ஆடுகிற ஒரு ஸ்டூல். சத்தக்கா வளையலைக் கழற்றிக் கைப்பையில் போடுவாள், செருப்பை வெளியே விடுவாள், பிளாஸ்கிலிருந்து வெந்நீர் ஒரு வாய் குடிப்பாள். பிறகு ஒரு காலை முன்னால் வைத்து, முழங்காலைக் கொஞ்சம் மடக்கி நிற்பாள். பஸ்ஸில் கம்பியைப் பிடிக்காமல் நிற்பவர்கள் நிற்பார்களே, அந்த மாதிரி. அப்படி நின்றால்தான் சத்தம் தொண்டையில் உரசாமல் வயிற்றிலிருந்து கிளம்பும்.

எதற்குக் கத்த வேண்டும் என்று ஒரு தாளில் அச்சடித்து வந்துவிடும். வெளிநாட்டுக் கம்பெனி அனுப்புவது என்பதால் எல்லாம் இங்கிலீஷில் இருக்கும். அங்கேதான் வம்பு. நாம் 'கத்தினாள்' என்று ஒரே சொல்லில் முடித்துவிட்டுப் போகிற இடத்தில், அவர்கள் ஷவுட் என்பார்கள், யெல் என்பார்கள், ஸ்க்ரீம், ஷ்ரீக், பெல்லோ, ஹௌல் என்று வரிசையாக நிறுத்துவார்கள். நம்மிடமும் அலறல், வீறிடல், கதறல், ஓலம் என்று இல்லாமல் இல்லை. ஆனால் எதை எதற்கு எதிரே வைப்பது என்பதில் டப்பிங் இன்சார்ஜுக்கும் உலகத்துக்கும் ஓயாத சண்டை. அவர் அரைக்கண்ணாடி போட்ட மனுஷர். கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துக்கொண்டே பாடம் எடுப்பார்.

"ஷவுட்டுக்கு அந்தப் பக்கம் ஒருத்தன் நிக்கணும்மா. அவன் காதுல விழணும்னு கத்துறது அது. யெல்லுக்கு எவனும் வேணாம், கோபம் பொங்குது, வாயத் தொறக்குறோம், அவ்வளவுதான். ஸ்க்ரீம்னா பயம், இல்ல வலி. வார்த்தை கலந்துச்சோ, கெட்டுது. ஷ்ரீக்கும் பயம்தான், ஆனா சட்டுனு மேல ஏறி ஊசி மாதிரி குத்திட்டு முடிஞ்சுடணும். நீ என்னடான்னா எல்லாத்துக்கும் பால் பொங்கி வழியிற மாதிரி ஒரே கத்தலா கத்துறே."

சத்தக்கா தலையாட்டுவாள். அவளுக்கு இந்த இலக்கணம் ஒரு காதில் நுழைந்து மறு காதில் போய்விடும். அவளுடைய வழியே வேறு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஓர் ஆளை வைத்திருந்தாள். ஷவுட் என்றால் கடைத்தெருவில் எதிர் வரிசைக் கடைக்காரனைக் கூப்பிடும் மீன்காரி. யெல் என்றால் மறைந்துபோன அப்பா, கால்பந்து பார்க்கும்போது கத்துகிறவர். ஷ்ரீக் என்றால் கரப்பான்பூச்சியைக் கண்ட பள்ளிக்கூடத்து இங்கிலீஷ் டீச்சர். பெல்லோ என்றால் சந்தேகமே இல்லை, குடியிருக்கும் வீட்டின் சொந்தக்காரர்தான். மாடிப்படியில் தண்ணீர் சிந்தியிருந்தால் நெஞ்சைப் பிளந்துகொண்டு அவரிடமிருந்து கிளம்பும் குரலை அவள் ஒரு படத்தில் காட்டெருமைக்குக் கொடுத்தாள். அந்தப் படத்தை வீட்டுச் சொந்தக்காரர் குடும்பத்தோடு பார்த்துவிட்டு வந்து, எருமை தத்ரூபமாக இருந்தது என்று சொன்னாராம். அன்று தங்கையும் அவளும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள்.

தங்கையும் அவளும் என்றேன் அல்லவா, அதையும் சொல்லிவிடுகிறேன். அப்பா அம்மா போனபிறகு சத்தக்காவுக்கு இருந்த ஒரே சொந்தம் தங்கைதான். சத்தக்காவுக்குக் கல்யாணம் கூடி வரவில்லை. தங்கைக்குக் கூடி வந்தது. மாப்பிள்ளை லிஃப்ட் மெக்கானிக், தங்கமான ஆள். "அக்கா நம்மளோடதான் இருப்பாங்க" என்று அவர்தான் முதலில் சொன்னார். மூன்று அறை வீட்டில் ஜன்னலோர அறை அவளுக்கு. வீட்டில் அவள் குரலை உயர்த்திப் பேசியதே கிடையாது. அடுப்படியிலிருந்து கூப்பிட்டால்கூட வந்து தோளைத் தொட்டுத்தான் கூப்பிடுவாள்.

அரைக்கண்ணாடியிடம் அவள் தேறாத ஒரே சொல் வெய்ல். நம் மொழியில் ஓலம் என்று வைத்துக்கொள்ளலாம். நீளமான, ஏறி இறங்குகிற துக்கக் குரல். அதற்கு அவளிடம் ஆள் இல்லை. அப்பா போனபோது வீட்டில் யாரும் வாய்விட்டு அழவில்லை. அம்மா போனபோது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பயமுறுத்தக் கூடாதென்று வாயைப் பொத்திக்கொண்டார்கள். ஆகவே ஒவ்வொரு தடவையும் எதையோ ஒட்டுப்போட்டுக் கொடுப்பாள். அவரும் உதட்டைப் பிதுக்குவார். "இது ஹௌல்மா. நாய் ஊளையிடுது. மனுஷி இல்ல."

தங்கைக்கு முதல் பிரசவம் நடந்தது அந்தச் சமயத்தில்தான். மாப்பிள்ளை மருந்து வாங்கக் கீழே போயிருந்தார். டாக்டரம்மா வந்து கட்டிலின் கால்மாட்டில் நின்றார். குழந்தைக்கு மூச்சே இல்லை என்று சொன்னார். எவ்வளவு மெதுவாகச் சொல்ல முடியுமோ அவ்வளவு மெதுவாகத்தான் சொன்னார். தங்கைக்கு முதலில் வாய் மட்டும் திறந்தது, சத்தம் பிறகுதான் வந்தது. மூச்சை உள்ளே இழுக்கும்போதே தொடங்கி, மேலே ஏறி, ஏறிய இடத்தில் இரண்டாக உடைந்து, உடைந்த பிறகும் நிற்காமல் போய், கடைசியில் எதையோ கேட்பது போலச் சின்னதாக முடிந்தது. பிறகு மறுபடியும் தொடங்கியது.

சத்தக்கா தங்கையின் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள். கண்ணீர் தாரை தாரையாக வழிந்தது. அதில் பொய் ஒன்றுமில்லை. ஆனால் அவள் காதுக்குள் ஒருத்தி சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, அமைதியாகச் சொன்னாள்: இதுதான் வெய்ல். மூச்சை வெளியே விடும்போது இல்லை, உள்ளே இழுக்கும்போது ஆரம்பிக்கணும். இத்தனை நாளாகத் தப்பாகச் செய்துகொண்டிருந்தாய்.

சீ, என்றாள் சத்தக்கா மனதுக்குள். உள்ளே இருந்தவள் காதில் போட்டுக்கொள்ளவில்லை. இரண்டாவது முறை எங்கே உடைகிறது என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.

தங்கை தேறி எழுந்து, வருகிறவர்களிடம் பேசத் தொடங்கியபோது ஒரு வாக்கியத்தை மறக்காமல் சொன்னாள். துக்கம் கேட்க வந்தவர்களிடம் சொன்னாள், தையல் கடைக்காரியிடம் சொன்னாள், மாப்பிள்ளையின் சித்தியிடம் சொன்னாள். "எனக்கு அன்னிக்கு நடந்தது ஒண்ணும் ஞாபகம் இல்ல. ஆனா அக்கா என் கைய விடவே இல்ல. அது மட்டும் ஞாபகம் இருக்கு." சொல்லிவிட்டு அக்காவைப் பார்ப்பாள். அந்தப் பார்வையில் இருந்த நம்பிக்கை இருக்கிறதே, அதற்காகச் சத்தக்கா எதை வேண்டுமானாலும் கொடுப்பாள். அதை இழப்பதைவிட நாக்கு அறுந்து விழுவது மேல் என்று நினைத்தாள்.

சில மாதம் கழித்து ஒரு படம் வந்தது. கடற்கரை, கவிழ்ந்த படகு, கரையில் நிற்கும் ஒரு தாய். தாளில் வெய்ல் என்று போட்டிருந்தது. சத்தக்கா வழக்கம்போல் ஒட்டுப்போட்டுக் கொடுத்தாள். வேண்டாம் என்றார் அரைக்கண்ணாடி. இன்னொன்று கொடுத்தாள். தலையில் அடித்துக்கொண்டார். "ஏம்மா, உனக்குத் துக்கமே வந்ததில்லையா?" என்று மைக்கில் கேட்டார். அந்தக் கேள்வியில் அவளுக்குச் சுருக்கென்றது. ரோஷமா, களைப்பா, தெரியவில்லை. முழங்காலை மடக்கினாள். மூச்சை உள்ளே இழுத்தாள்.

முடிந்தபோது அரைக்கண்ணாடி தன் கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்தார். "இதும்மா. இதுதாம்மா வெய்ல்," என்றார். அவர் யாரையும் அப்படிப் பாராட்டி அந்தக் கட்டடம் கண்டதில்லை. என்ஜினியர் ஓடி வந்து கையைக் குலுக்கினான்.

இங்கே ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் சத்தக்கா சந்தோஷமாக இருந்தாள். ஜன்னலோரம் உட்கார்ந்து தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். இறங்கும் இடத்தில் தங்கைக்குப் பிடிக்குமே என்று திராட்சை வாங்கினாள். கதவைத் திறந்த தங்கை, "என்னக்கா, மூஞ்சியெல்லாம் ஒரே வெளிச்சமா இருக்கு?" என்றாள். "வேலை நல்லா போச்சு," என்றாள் இவள். தங்கை பையை வாங்கிக்கொண்டு, அக்காவின் கையைப் பிடித்து உள்ளே இழுத்துப் போனாள். அதே கை. அப்போதுதான் சத்தக்காவுக்குத் தான் செய்தது உறைத்தது. திராட்சையைத் தட்டில் கொட்டிவிட்டுத் தன் அறைக்குப் போய்விட்டாள்.

ஒரு தடவையோடு போயிருந்தால் அவள் எப்படியோ முழுங்கியிருப்பாள். போகவில்லை. நல்ல சத்தம் கிடைத்தால் என்ஜினியர் அதைக் கம்ப்யூட்டரில் தனியாகச் சேர்த்து வைப்பான். இடி, கண்ணாடி உடைதல், குதிரைக் குளம்பு, குழந்தைச் சிரிப்பு என்று கிடக்கும் அந்தக் கூட்டத்தில் இதையும் போட்டுவிட்டான். பிறகு எந்தப் படத்தில் ஓலம் தேவைப்பட்டாலும் அவளைக் கூப்பிடவே இல்லை. பாழடைந்த பங்களாவில் பேய்க்கு அது வந்தது. போர்க்களத்தில் தூரத்தில் யாருக்கோ வந்தது. பூச்சி மருந்து விளம்பரத்தில் செத்து விழும் கரப்பான்பூச்சிக்கு வந்தது. வீட்டில் டிவி ஓடும்போதெல்லாம் சத்தக்கா ரிமோட்டைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்துக்கொண்டாள். எந்தப் படத்தில் எந்த நேரம் வரும் என்று தெரியாமல், விருந்துக்குப் போன வீட்டில் சாப்பிட்டுவிட்டுக் கைகழுவ இடம் தெரியாதவள் போலத் தவித்தாள்.

ஒருநாள் என்ஜினியரிடம் போய் நின்றாள். "தம்பி, அந்த வெய்ல எடுத்துடுங்க."

"எதுக்கு சத்தக்கா? நம்மகிட்ட இருக்கறதுலயே டாப் அதுதான்."

"தொண்டை சரியில்லாத அன்னிக்குக் குடுத்தது. நான் வேற நல்லதா தரேன்."

அது என்னுடையது இல்லை என்று சொல்ல வாய் வந்தது. வந்த வாய் அப்படியே மூடிக்கொண்டது. அவன் சிரித்துக்கொண்டே மைக்கைப் போட்டான். அவள் கொடுத்தாள், மறுபடியும் மறுபடியும் கொடுத்தாள். அவன் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்லாத்தான் இருக்கு. ஆனா அது மாதிரி இல்லியே சத்தக்கா," என்றான். "அப்புறம், அத வேற ரெண்டு ஸ்டூடியோவுக்கும் குடுத்துட்டேன். கேட்டாங்க." அவள் வளையலைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தாள்.

இதற்கிடையில் தங்கைக்கு இன்னொரு பிரசவம் ஆகி, நல்லபடியாக ஒரு பெண் பிறந்து, அது வளர்ந்து வாயாடியாகவும் ஆகிவிட்டது. வீட்டில் அதற்குக் குட்டி என்று பெயர். பெரியம்மா கதை சொன்னால்தான் சாப்பிடும். புலிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல் என்று சத்தக்கா சொல்லும் கதைக்குப் பக்கத்து வீட்டுக் குழந்தைகள்கூட வரும். வருஷங்கள் போய்விட்டன, இனிமேல் ஒன்றும் இல்லை என்று சத்தக்காவே நம்பத் தொடங்கியிருந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். எல்லாரும் சாப்பிட்டுவிட்டு டிவி முன்னால் சாய்ந்திருந்தார்கள். ஏதோ ஒரு தமாஷ் படம். தொந்தி பெருத்த ஒரு பேக்கரிக்காரன் ஆளுயரக் கேக்கைத் தூக்கிக்கொண்டு தெருவைக் கடக்கிறான். நாய் ஒன்று காலுக்குள் புகுகிறது. கேக் சாய்கிறது, சாய்கிறது, தொப்பென்று சாக்கடையில் விழுகிறது. பேக்கரிக்காரன் மண்டியிட்டு வாயைத் திறக்கிறான். அந்தத் தடியனின் வாயிலிருந்து அது வந்தது.

ரிமோட் குட்டியின் கையில் இருந்தது.

குட்டி தரையில் புரண்டு புரண்டு சிரித்தாள். மாப்பிள்ளைக்குப் புரையேறியது. தங்கை முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "அக்கா, இது நீதானே? அந்தக் குண்டன் வாய்ல உன் குரலு! ஐயோ, என்னால முடியல!" என்றாள்.

"ம்," என்றாள் சத்தக்கா.

தங்கைக்குத் தெரியவில்லை. அது தன் ஓலம் என்று அவளுக்கே தெரியவில்லை. இத்தனை வருஷமாக எது நடக்கக் கூடாது என்று பயந்தாளோ அது நடக்கவில்லை. தப்பித்தோம் என்ற நிம்மதி வந்திருக்க வேண்டும். அதற்குப் பதிலாக உடம்பெல்லாம் கூசியது. தன் குழந்தைக்காக அவள் போட்ட ஓலத்துக்கு அவளையே உட்கார வைத்துச் சிரிக்க வைத்துவிட்டோமே என்று சத்தக்கா கூனிக் குறுகிப் போனாள்.

"இன்னொரு தடவ! இன்னொரு தடவ!" என்று குட்டி ரிமோட்டால் படத்தைப் பின்னால் ஓட்டினாள். கேக் மறுபடியும் விழுந்தது. சிரிப்பு மறுபடியும் எழுந்தது.

"போதும், வேற ஏதாவது வைங்க," என்றாள் சத்தக்கா. யாரும் கேட்கவில்லை.

"பெரியம்மா, நீ செஞ்சு காட்டு."

"பெரியம்மாவுக்குத் தொண்டை வலிடா."

"அப்பா, நீ." மாப்பிள்ளை செய்தார். பஸ் ஹாரன் மாதிரி இருந்தது. குட்டி உதட்டைப் பிதுக்கி, "அம்மா, நீ," என்றாள்.

"வேண்டாம்," என்றாள் சத்தக்கா. கொஞ்சம் உரக்கவே சொன்னாள். அவள் வீட்டில் உரக்கச் சொன்ன முதல் சொல் அதுவாகத்தான் இருக்கும். தங்கை அதைக்கூட வேடிக்கையாக எடுத்துக்கொண்டாள். "ஏன், உனக்குப் போட்டியா வந்துடுவேன்னு பயமா?" என்று சொல்லி, மடியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள். முதலில் சும்மா ஒரு ஆ போட்டாள். குட்டி, அப்படி இல்லை, டிவியில் வந்த மாதிரி வேண்டும் என்றாள். தங்கை சிரித்துக்கொண்டே வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. மூச்சை உள்ளே இழுத்தாள்.

இழுக்கும்போதே அது தொடங்கிவிட்டது. ஏறியது. ஏறிய இடத்தில் இரண்டாக உடைந்தது. அதற்கு மேல் போகாமல் அவள் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

குட்டி கைதட்டினாள். அன்று ஆஸ்பத்திரியில் மாடியில் இல்லாத மாப்பிள்ளையும் பாவம், கைதட்டினார். "அடேயப்பா, அச்சு அசல் அப்படியே இருக்கே!" என்றார்.

தங்கையின் இன்னொரு கை வயிற்றின் மேல் இருந்தது. அவள் அக்காவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எழுந்து அடுப்படிக்குப் போனாள். சத்தக்கா பின்னாலேயே போனாள்.

தங்கை குழாயைத் திறந்துவிட்டுத் தண்ணீர் பிடிக்காமல் நின்றாள். "அது என்னுது," என்றாள். "அக்கா, அது என்னுதுதானே?"

"ஆமா."

"நான் என்ன சத்தம் போட்டேன்னு இன்னி வரைக்கும் எனக்கே தெரியாது. உன் கை மட்டும்தான் ஞாபகம் இருந்துச்சு." அக்காவின் பக்கம் திரும்பினாள். "அப்பவே கேட்டு வச்சுக்கிட்டியா? என் கையப் புடிச்சுட்டு இருக்கும்போதேவா?"

ஒரு பொய் சொல்லியிருக்கலாம். பின்னால்தான் ஞாபகம் வந்தது, தெரியாமல் வந்துவிட்டது என்று சொன்னால் தங்கை நம்பியிருப்பாள். நம்ப வேண்டும் என்றுதான் அவள் கண் கெஞ்சியது. எந்தக் குரலையும் நிஜம்போல் காட்டத் தெரிந்தவளுக்கு இது ஒரு பெரிய காரியமில்லை. ஆனால் தங்கையிடமிருந்து ஏற்கெனவே ஒன்றைத் திருடியாயிற்று. இன்னொன்றையும் எடுக்க அவளுக்கு வெட்கமாக இருந்தது.

"அப்பவேதான்," என்றாள். தண்ணீர்ச் சத்தத்தில் அது கேட்டதா என்றுகூடத் தெரியவில்லை.

தங்கை குழாயை மூடினாள். கேட்டிருக்கிறது. அவள் திட்டவில்லை, அழவில்லை, தட்டை எடுத்துத் தூக்கி எறியவில்லை. திட்டியிருந்தால் தேவலை. யெல் ஆனாலும் ஷ்ரீக் ஆனாலும் சத்தக்கா நின்று வாங்கிக்கொண்டிருப்பாள். தங்கை டம்ளர்களைக் கழுவிக் கவிழ்த்து வைத்துவிட்டு, "டீ போடட்டுமா?" என்று கேட்டாள். அன்றும் போட்டாள், மறுநாளும் போட்டாள். சத்தக்காவை வீட்டைவிட்டுப் போ என்று யாரும் சொல்லவில்லை. குட்டிக்குக் கதை சொல்வதும் நிற்கவில்லை.

ஸ்டூடியோவிலும் வேலை நிற்கவில்லை. ஒரே ஒரு மாற்றம். தாளில் வெய்ல் என்று வந்தால், கம்ப்யூட்டரில் இருப்பதைப் போட்டுக்கொள்ளலாம் என்று என்ஜினியர் சொல்வதற்கு முன்பே சத்தக்கா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய் நின்றுவிடுவாள். "நான் தரேன் தம்பி, நானே தரேன்." தருவாள். மட்டமாகத்தான் இருக்கும். அரைக்கண்ணாடி, நாய் ஊளையிடுகிறது என்பார். அவள் மறுபடியும் முழங்காலை மடக்குவாள். அந்த ஒரு படத்திலாவது பழையது வராமல் இருந்தால் போதும் அவளுக்கு.

போன மாதம் கீழ்வீட்டுக்கு ஒரு குடும்பம் குடிவந்தது. அந்தப் பெண்ணுக்கு இது தலைப்பிரசவம், மாதம் நெருங்கிவிட்டது. சாயங்காலம் மேலே வந்து தங்கையோடு பேசிக்கொண்டிருந்தாள். பயமாக இருக்கிறது என்றாள். தங்கை அவளைத் தைரியப்படுத்தினாள். பேச்சு எங்கெங்கோ போய், குட்டிக்கு முன்னால் பிறந்த குழந்தையிடம் வந்து நின்றது. சத்தக்கா ஜன்னலோரம் காய்ந்த துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். கை அப்படியே நின்றது.

"ஐயோ, அப்ப நீங்க தனியாவா இருந்தீங்க?" என்று கேட்டாள் அந்தப் பெண்.

தங்கை அந்த இடத்தில் எப்போதும் சொல்லும் வாக்கியம் ஒன்று உண்டு, அக்கா கையை விடவே இல்லை என்று. அவள் வாயைத் திறந்தாள். திறந்த வாயை மூடிக்கொண்டு டீ டம்ளரை அந்தப் பெண் பக்கம் நகர்த்தினாள்.

"இல்ல, அக்காவும் அங்கதான் இருந்தா," என்றாள். பிறகு, "டீக்குச் சக்கரை போதுமா?" என்று கேட்டாள்.

சத்தக்கா கையிலிருந்த குட்டியின் சட்டையை மடித்து வைத்துவிட்டு அடுத்த துணியை எடுத்தாள்.